துண்டுக்குள் ஒரு கைகுலுக்கல்

2024 பிப்ரவரி 8, வியாழக்கிழமை, காலை பதினோரு மணி ஏழு நிமிடம். வானத்தில் பெயருக்குக்கூட மேகம் இல்லை. பிப்ரவரியிலேயே சித்திரை வெயில். திருத்தங்கலில் என் மருமகனுடைய அச்சகத்தின் வாசலில், துண்டு அண்ணாச்சி ஒரு வெளிநாட்டுக்காரரின் கையைப் பிடித்தார். பிடித்த கையோடு தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கைகளையும் மூடினார். துண்டுக்கு அடியில் இரண்டு கைகள் இருந்தன. என் வீட்டுப் பத்திரமும் அங்கேதான் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துண்டு அண்ணாச்சியைப் போல வாயைச் சிக்கனமாகச் செலவழித்த மனிதர் இந்த மாவட்டத்திலேயே கிடையாது. சாப்பிடுவதற்கும் கொட்டாவி விடுவதற்கும்தான் வாய் என்பது அவர் கட்சி. பேசுவதற்கு விரல் இருந்தது.

அதற்குக் காரணமும் இருந்தது. அவர் விருதுநகர் சந்தையில் வத்தல் தரகர். ஒரு காலத்தில் அங்கே மிளகாய் வத்தலும் பருப்பும் விலை பேசுகிறவர்கள் வாயால் பேச மாட்டார்கள். விற்பவரும் வாங்குபவரும் கையைக் கோத்துக்கொள்வார்கள், மேலே துண்டு விழும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, மூன்றைப் பிடித்தால் மூன்று, முழுக்கையை அழுத்தினால் ஐந்து. நூறா ஆயிரமா பத்துக் காசா என்பது பேசுகிற சரக்கைப் பொறுத்தது. சுற்றி நிற்கிற ஐம்பது பேரும் எட்டிப் பார்ப்பார்கள், ஒருவருக்கும் விலை தெரியாது. அப்புறம் போன் வந்தது, விலை திரையில் ஓடியது, துண்டு தோளுக்குப் போய்விட்டது. அண்ணாச்சிக்கு மட்டும் போகவில்லை. தரகு வேலையை விட்டுவிட்டு எங்கள் தெருவில் மகள் வீட்டுக்குக் குடிவந்த பிறகும், அவர் உலகத்தோடு துண்டு வழியாகவே தொடர்பு வைத்திருந்தார்.

முதல் நாள் நான் அவரிடம் மரியாதைக்காக, “வீட்டுக்கு என்ன வாடகை கொடுக்கீக?” என்று கேட்டேன். பதில் வரவில்லை. கை வந்தது. என் வலது கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டு, ஏதேதோ விரலை அழுத்தினார். நான் அடுத்தவர் தொட்டால் கூசுகிற ஆள். முப்பத்தோரு வருஷம் தீப்பெட்டி ஆலையில் சூப்பர்வைசர். பெட்டிக்குள் குச்சிகள் கணக்காக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, எதையும் விரல் படாமல் கண்ணாலேயே எண்ணப் பழகியவன். வீட்டுக்குப் போய் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். வாடகை எவ்வளவு என்று இன்றுவரை தெரியாது.

டீக்கடையில் அவர் வரவைக் கண்டாலே மாஸ்டர் ஆற்றுகிற டீயைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டிவிடுவார். துண்டு விழும். சர்க்கரை எவ்வளவு, டிகாஷன் எவ்வளவு, ஒரு டீயா இரண்டா என்று எல்லாம் உள்ளேயே முடியும். ஒருநாள் மாஸ்டர் லீவு, புதிதாக ஒருவர் நின்றார். அண்ணாச்சி அவர் கையைப் பிடித்ததும் அவர் பதறிப்போய், “ஐயா, நான் கல்யாணம் ஆனவன்” என்றார்.

ஏடிஎம்மில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ரகசிய எண்ணை அழுத்தும்போது கையை மறைத்துக்கொள்ளுங்கள் என்று வங்கிக்காரர்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்களே, அதை முழுமனதோடு கடைப்பிடித்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான். எந்திரத்தின் மேல் துண்டை விரித்து, உள்ளே கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவார். பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கு, அவர் எந்திரத்திடம் விலை படியவில்லை என்று வாதாடுவது போலத் தெரியும்.

டாக்டர் கதைதான் தெரு முழுக்கப் பிரசித்தம். காய்ச்சலுக்குப் போனவரின் மணிக்கட்டை டாக்டர் நாடி பார்க்கப் பிடித்தார். பழக்க தோஷம், துண்டு விழுந்துவிட்டது. டாக்டர் நான்கு விரலால் அழுத்த, அண்ணாச்சி யோசித்துவிட்டு மூன்று விரலால் திருப்பி அழுத்த, டாக்டர் மறுபடி அழுத்த, அண்ணாச்சி கையை உருவிக்கொண்டு எழுந்துவிட்டார். வெளியே வந்து மகளிடம் அபூர்வமாக வாயைத் திறந்து சொன்னாராம்: “நானூறுல நிக்காரு. எறங்க மாட்டேங்காரு. வா, போவோம்.”

இப்படிப்பட்டவரை எந்தப் புத்தியுள்ள மனிதனாவது வியாபாரம் பேசுகிற இடத்துக்குப் பக்கத்தில் விடுவானா? நான் விடவில்லை. அவராக வந்தார். காலை பத்து மணிக்கு அச்சக வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஓசிப் பேப்பர் படிப்பது அவர் வழக்கம்.

அச்சகத்தின் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். என் மருமகன் செல்வம் வைத்திருக்கும் தொழில் அது. ஆடியில் தொடங்கி மார்கழிவரை காலண்டர் சீசன். மெஷினுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. தை பிறந்தால் அதே மெஷின் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும். ஆனால் வங்கிக் கடன் தூங்காது. புது ஆஃப்செட் மெஷின் வாங்க என் வீட்டை அடமானம் வைத்துக் கையெழுத்துப் போட்டவன் நான். மூன்று தவணை கட்டவில்லை. வங்கியிலிருந்து வந்த பையன் போன வாரம் என் வீட்டு ஜன்னல்களை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனான். மொத்தம் ஒன்பது ஜன்னல். நான் கூடவே எண்ணினேன்.

இந்த நிலையில்தான் கானா நாட்டிலிருந்து க்வேசி என்பவர் வந்தார். அங்கே பள்ளிக்கூடங்களுக்கு நோட்டுப் புத்தகம் மொத்தமாக வாங்கி விற்கிறவர். மூன்று லட்சம் நோட்டு. செல்வம் சொன்ன விலை நோட்டுக்குப் பதினைந்து ரூபாய். அவர் கேட்டது பதினாலு. பதினாலேகாலுக்குக் கீழே போனால் நமக்கு நஷ்டம் என்று செல்வம் முந்தின ராத்திரியே என்னிடம் சொல்லியிருந்தான். அந்த இடைவெளியில்தான் என் ஒன்பது ஜன்னலும் தொங்கிக்கொண்டிருந்தன.

ஆரம்பமே சரியில்லை. க்வேசி உள்ளே வந்ததும் பெரிய கையை நீட்டினார். நான் பழக்கப்படி இரண்டு கையையும் கூப்பி வணக்கம் சொன்னேன். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. செல்வம் நிலைமையைச் சமாளிக்க அந்தக் கையைத் தொட்டான். இஸ்திரிப் பெட்டி சுடுகிறதா என்று பார்ப்போமே, அப்படி. க்வேசி தன் கையை ஒருமுறை பார்த்துவிட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

அடுத்து கண். நான் ஏதாவது கேட்டால் அவர் தரையைப் பார்த்தே பதில் சொன்னார். “பணம் எத்தனை நாளில் வரும்?” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். தரைக்குச் சொன்னார், முப்பது நாள் என்று. செல்வத்தைக் கேள்வி கேட்கும்போது மட்டும் நேராகப் பார்த்தார். ஆள் எதையோ மறைக்கிறான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

அதைவிடப் பெரிய தொல்லை செல்வத்தின் தலை. “மார்ச் கடைசிக்குள் சரக்கைக் கப்பலில் ஏற்ற முடியுமா?” என்று க்வேசி கேட்டார். செல்வம் தலையை ஆட்டினான். எங்கள் ஊர்த் தலையாட்டல் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மேலும் கீழும் இல்லை, இடமும் வலமும் இல்லை, கழுத்தில் ஸ்பிரிங் வைத்த செட்டியார் பொம்மை மாதிரி. சரி, கேட்டுக்கொண்டிருக்கிறேன், பார்க்கலாம், உங்கள் இஷ்டம், முடியாது என்று சொல்ல மனசு வரவில்லை என்று ஒரே ஆட்டலில் எல்லாம் அடங்கும். க்வேசி, “ஆம் என்கிறீர்களா, இல்லை என்கிறீர்களா?” என்று கேட்டார். செல்வம் இன்னும் பணிவாக ஆட்டினான். க்வேசி கேள்வியை உடைத்து, மெதுவாகக் கேட்டார். செல்வம் மெதுவாக ஆட்டினான்.

இதற்கு நடுவில், தெருவுக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில் யாரோ புதுப் பட்டாசுச் சரக்கைச் சோதித்துப் பார்த்தார்கள். அணுகுண்டு வெடி. எங்களுக்கு அது காக்கா கத்துகிற மாதிரி. செல்வம் டீயை உறிஞ்சினான், நான் பிஸ்கட்டை எண்ணினேன். க்வேசி மட்டும் பாதி மேசைக்கு அடியில் இருந்தார். மேலே வந்து, ஒருவர்கூட இமைக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

ஐம்பத்திரண்டு நிமிடம் ஆனது. விலை நகரவில்லை. க்வேசி எழுந்தார். சிவகாசியில் இன்னொரு அச்சகத்தில் நேரம் சொல்லியிருக்கிறேன், யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்பதற்கு எல்லா ஊரிலும் ஒரே அர்த்தம்தான். செல்வம் கடைசியாக ஒருமுறை தலையாட்டினான்.

உள்ளே பேசிய விலையெல்லாம் காதில் விழ வாசலில் இருந்த அண்ணாச்சி, பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்து நின்றார். பெரியவர் எழுந்து நிற்கிறாரே என்று க்வேசி கையை நீட்டினார். அண்ணாச்சிக்கு நீட்டிய கை என்றால் ஒன்றுதான். பிடித்தார். துண்டு விழுந்தது.

க்வேசி கையை உருவிக்கொள்ளவில்லை. ஆச்சரியமாகப் பார்த்தார், பிறகு சிரித்தார், இன்னும் நன்றாகப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சியின் முகம் கல்லாக மாறியது. அதுதான் அவருடைய வியாபார முகம். நான் ஓடிப்போய்ப் பிரித்துவிடலாமா என்று நினைப்பதற்குள் பொட்டலில் இரண்டாவது அணுகுண்டு வெடித்தது. க்வேசியின் தோள் குலுங்கியது. துண்டு குலுங்கியது. பிறகு துண்டுக்குள்ளிருந்து ‘டப்’ என்று சொடக்குப் போடும் சத்தம் கேட்டது. கைகள் வெளியே வந்தன.

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு செல்வத்திடம் சொன்னார்:

“பதினாலு அம்பது. முடிஞ்சிட்டு, மாப்ளே. சரக்க ஏத்து.”

செல்வம் என்னைப் பார்த்தான். நான் க்வேசியைப் பார்த்தேன். க்வேசி அண்ணாச்சியைப் பார்த்துப் பிரியமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன தெரியும், தாம் மூன்று லட்சம் நோட்டு வாங்கிவிட்டது?

செல்வம் மெல்ல விசாரித்தான், விலை ஏதாவது சொன்னீர்களா என்று. க்வேசி இல்லையே என்றார். செல்வம் அதைத் தமிழில் சொன்னதும் அண்ணாச்சியின் முகத்தில் கல் உடைந்தது.

“அஞ்சு வெரலும் சேத்து அமுக்குனாருல்லா? பெறவு நடுவெரல சுண்டி முடிச்சாருல்லா?” என்றார். “சூப்பரைசரே, அவர்ட்ட கேளுங்க. நாப்பது வருசத்துல துண்டுக்குள்ள சொன்னத வெளிய வந்து ஒருத்தன் இல்லன்னதில்ல.”

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பேசிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டை எடுத்து நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். ரயிலைத் தவறவிட்டவர் பையை மடியில் வைத்துக்கொள்வது போல இருந்தது.

பெரியவர் ஏன் வருத்தமாக இருக்கிறார் என்று க்வேசி கேட்டார். செல்வம் பதிலுக்குத் தலையாட்டப் போனான்; நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். அந்தக் காலத்து பி.எஸ்ஸி. ஆங்கிலத்தைத் தூசு தட்டி, சந்தை, வத்தல், துண்டு, விரல் எல்லாவற்றையும் விளக்கினேன். க்வேசி தரையைப் பார்த்தபடியே கேட்டார். கடைசியில் தம் ஐந்து விரலையும் விரித்துப் பார்த்தார்.

“அப்படியென்றால் ஐம்பது காசு ஏற்றியது நானில்லை. உங்கள் பட்டாசு” என்றார்.

வெடிச் சத்தத்தில் பயந்து இறுக்கிப் பிடித்ததுதான் அந்த ஐந்து விரல். சொடக்கு? அவர் ஊரில் நெருக்கமானவர்கள் கைகுலுக்கினால் விடும்போது ஒருவர் நடுவிரலோடு மற்றவர் நடுவிரலைச் சேர்த்துச் சொடக்குப் போட்டுத்தான் விடுவார்களாம். அண்ணாச்சியின் அகராதியில் நடுவிரலைச் சுண்டினால் பேரம் முடிந்தது. கானாவின் பிரியமும் விருதுநகரின் வியாபாரமும் ஒரே விரலில் வந்து முட்டியிருக்கின்றன.

இதைச் சொல்லி க்வேசி வாய்விட்டுச் சிரித்தார். நானும் மரியாதைக்குச் சிரித்தேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை, மடியில் இருந்த துண்டின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் க்வேசியின் சிரிப்பு நின்றது.

அவர் அம்மா சந்தையில் கருவாடு விற்றவராம். அம்மா ஒரு விலைக்குச் சரி என்று சொல்லிவிட்டால், அடுத்த நிமிடம் வேறொருவர் இரட்டிப்பாகத் தருகிறேன் என்றாலும் திரும்பிப் பார்க்க மாட்டாராம். “இந்த ஊருக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. என் கையை முழுதாகப் பிடித்தவர் இவர் ஒருவர்தான்” என்றார். பிறகு அங்கே கிடந்த காகிதக் கட்டை இழுத்துப் போட்டு அண்ணாச்சிக்கு எதிரில் உட்கார்ந்தார். என்னிடம், “விரல்களை எனக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். இந்தமுறை நானே பேசுகிறேன்” என்றார்.

அப்போதும் தரையைத்தான் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. ஏன் என்னை நேராகப் பார்க்க மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டே விட்டேன். க்வேசி அதிர்ந்துபோனார். வயதில் பெரியவரை முகத்துக்கு நேரே முறைத்துப் பார்ப்பது தப்பு என்றுதான் அவரை வளர்த்தார்களாம். ஐம்பத்திரண்டு நிமிடமும் அவர் எனக்கு மரியாதை செய்துகொண்டிருந்திருக்கிறார். நான்தான் போலீஸ்காரன் மாதிரி முறைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

பாடம் நடந்தது. அண்ணாச்சி ஒவ்வொரு விரலாகப் பிடித்துக் காட்ட, க்வேசி பள்ளிக்கூடப் பையனாகத் திருப்பிச் செய்தார். பிறகு துண்டு விழுந்தது.

ஐயா, என் வாழ்க்கையில் அதைப் போல நீண்ட நேரம் கிடையாது. இரண்டு பேர் முகத்திலும் ஒன்றும் இல்லை. துண்டு மட்டும், உள்ளே பூனைக்குட்டி புகுந்த மாதிரி நெளிந்தது. ஒருதடவை க்வேசியின் புருவம் ஏறியது. நான், பதினாலுதான், போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். அண்ணாச்சியின் கால் கட்டைவிரல் செருப்புக்குள் துடித்தது. பதினைந்து என்று எழுந்தேன். செல்வத்தைப் பார்த்தால், அவன் பொட்டல் பக்கம் திரும்பி நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். எந்தச் சாமியிடம் என்ன கேட்கிறாய் என்றேன். “இன்னொரு வெடி வெடிக்கட்டும்னு கேக்கேன், மாமா” என்றான்.

வெடிக்கவில்லை. சத்தம் வேண்டும் என்கிற நாளில்தான் எங்கள் ஊர் அமைதியாக இருக்கும். கடைசியில் துண்டுக்குள் சொடக்குச் சத்தம் கேட்டது. இந்தமுறை இரண்டு பேரும் சேர்ந்து போட்டது.

“எம்புட்டுக்கு முடிஞ்சது, அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “மொதலாளி யாரு? நீகளா, மாப்ளையா?”

“மாப்ளைதான்.”

“அப்பம் மாப்ளைட்டத்தான் சொல்லுவேன்.”

செல்வத்தின் கையைப் பிடித்தார். துண்டு விழுந்தது. எம்.பி.ஏ. படித்த என் மருமகன் திருதிருவென்று விழித்தான். “பதினேழா, அண்ணாச்சி?” என்றான். அண்ணாச்சி மறுபடி அழுத்தினார். “ஏழா?” என்றபோது செல்வத்தின் குரல் உடைந்தது. நான் க்வேசியிடம் திரும்பி நீங்களாவது சொல்லுங்கள் என்றேன். அவர் உதட்டை இறுக மூடி, தலையை ஆட்டினார். மேலும் கீழும் இல்லை, இடமும் வலமும் இல்லை. ஒரு மணி நேரத்தில் எங்கள் ஊர்த் தலையாட்டலைக் கற்றுக்கொண்டிருந்தார்.

நான்காவது முயற்சியில் செல்வத்தின் முகம் மலர்ந்தது. ஓடிப்போய்க் கம்ப்யூட்டரில் ஆர்டரைத் தட்டினான். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். பதினாலு ரூபாய் நாற்பது காசு. பட்டாசு சொன்ன விலையில் க்வேசி பத்துக் காசுதான் குறைத்திருந்தார். மார்ச்சில் சரக்குப் போனது, ஏப்ரலில் பணம் வந்தது, தவணை கட்டினோம். ஜன்னல் ஒன்பதும் என்னிடமே இருக்கின்றன.

அண்ணாச்சி தரகு வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். க்வேசி கிளம்பும்போது, அம்மாவிடம் காட்ட வேண்டும், அந்தத் துண்டை விலைக்குத் தருவீர்களா என்று கேட்டார். அண்ணாச்சி துண்டை எடுத்து அவர் தோளிலேயே போட்டுவிட்டார். விலை பேசவில்லை. பேசுவதற்குத்தான் துண்டு இல்லையே.

வினை அங்கேதான். மறுநாள் டீக்கடையில் மாஸ்டர் கையை நீட்டினார். அண்ணாச்சி தம் வெறும் தோளைத் தடவிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மாஸ்டர் வாயால் கேட்டுப் பார்த்தார். அண்ணாச்சி டீ குடிக்காமல் போய்விட்டார். அதற்கு மறுநாள் வாசலுக்குப் பேப்பர் படிக்கவே வரவில்லை. அவர் மகள் என்னிடம் வந்து, “அப்பா ரெண்டு நாளா வீட்லயும் கம்முனு இருக்காக. என்னன்னு கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிடுதாக” என்றாள். வேறு துண்டு இல்லையா என்று கேட்டேன். இருக்கிறதாம், ஆறு. எல்லாம் கல்யாண வீடுகளில் போர்த்திய பாலியஸ்டர். அதற்குள் விரல் பேசாதாம்.

சாயங்காலம் நானே கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரர் எடுத்துப் போட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். அவர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார். கெட்டிப் பருத்தி, நான்கு முழம், சிவப்புக் கரை. விலை நூற்று எண்பது. பத்து ரூபாய் குறைக்கச் சொன்னேன், குறைக்கவில்லை. இரண்டு வாங்கினேன், ஆக மொத்தம் முந்நூற்று அறுபது ரூபாய் செலவு. ஒன்று அண்ணாச்சிக்கு. இன்னொன்று என் தோளில் கிடக்கிறது. அவர் துண்டைத் துவைத்துக் காயப்போடுகிற நாட்களில் எங்கள் பேச்சு நின்றுபோய்விடக் கூடாதல்லவா?